தமிழகத்தில் கேபிள் – டி.டி.எச். தேர்வின் வரலாறு: இருங்காட்டுக்கோட்டைத் தொழில்வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு குடும்பம் தொலைக்காட்சி பார்ப்பதற்குக் கேபிள் இணைப்பைப் பெறுகிறதா, வீட்டின் கூரைமீது டிஷ் பொருத்திக்கொள்கிறதா என்பது அக்குடும்பத்தின் தனிவிருப்பமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. 1991 முதல் 2019 வரையிலான சட்டங்கள், உரிம விதிகள், கட்டண ஆணைகள், மாநில அரசின் நடவடிக்கைகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி நோக்கினால், அத்தேர்வு வீட்டு வாசலை அடையும் முன்னரே பெருமளவு வரையறுக்கப்பட்டிருந்தது என்பது புலப்படும். காஞ்சிபுரம் மாவட்டம் இருங்காட்டுக்கோட்டை – திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. கேபிள் இடத்தோடு பிணைந்த சேவை, டி.டி.எச். ஆளோடு செல்லக்கூடிய சேவை. நிலையாகக் குடியிருப்போரும் இடம்பெயர்ந்து வாழ்வோரும் ஒருங்கே வாழும் தொழில்வட்டாரத்தில் இவ்வேறுபாடு மொழியுரிமை சார்ந்த ஒன்றாகவும் மாறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கேபிள் தொலைக்காட்சி, டி.டி.எச்., அரசு கேபிள், இருங்காட்டுக்கோட்டை, இடம்பெயர் தொழிலாளர், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்.

1. முன்னுரை

தமிழ்த் தொலைக்காட்சி பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் அமைந்துள்ளன. நெடுந்தொடர், செய்தி, விளம்பரம் முதலிய உள்ளடக்கங்களை ஆராய்வது ஒன்று. அலைவரிசைகளின் உடைமையையும் அவற்றின் கட்சி அரசியலையும் ஆராய்வது மற்றொன்று. நிகழ்ச்சி வீட்டுக்குள் வந்துசேரும் வழி இவ்விரண்டுக்கும் இடையே கவனம் பெறாது நின்றுவிடுகிறது. எந்த அலைவரிசை கிடைக்கும், எது கிடைக்காது, மாதந்தோறும் யாரிடம் பணம் செலுத்துவது, வீடு மாறினால் இணைப்பு என்னாகும் ஆகிய வினாக்களுக்கு அந்த வழியே விடையளிக்கிறது.

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே அமைந்த ஊர் இருங்காட்டுக்கோட்டை. இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இலும் டைம்லர் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. சுங்குவார்சத்திரத்தை அடுத்துள்ள சாம்சங் ஆலையின் உற்பத்திப் பொருள்களுள் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்று. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த சிற்றூர்கள் ஒரு தலைமுறைக்குள் வாடகை அறைகளும் ஆலைப் பேருந்துகளும் நிறைந்த வட்டாரமாயின. சொந்த வீட்டில் வாழும் ஊரார், தென்மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ் இளைஞர்கள், ஒடிசா, பீகார், அசாம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் எனப் பலரும் ஒரே தெருவில் குடியிருக்கின்றனர். இவர்கள் அனைவர்முன்னும் ‘கேபிளா, டிஷ்ஷா’ என்னும் கேள்வி ஒன்றாகவே தோன்றினாலும், அதன் பொருள் ஒவ்வொருவர்க்கும் வேறாக இருந்தது.

2. கேபிள் முந்திய காலம்: 1991–2000

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 16 ஆண்டுகள் தமிழகத்தில் தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் மட்டுமே. வீட்டுக் கூரையில் மீன்முள் வடிவ ஆன்டெனா ஒன்று போதுமானதாக இருந்தது. மாதக் கட்டணமும் இல்லை. 1991இல் ஸ்டார் தொலைக்காட்சியும் 1992 அக்டோபரில் ஜீ தொலைக்காட்சியும் செயற்கைக்கோள் வழியாக வந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது.

இவ்வலைவரிசைகள் யாவும் வானிலிருந்தே வந்தன. ஆயினும் அவற்றை வீட்டுக்குள் கொணர்ந்தது கேபிளே. அக்காலத்துச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு சி-பேண்ட் அலைவரிசையில் அமைந்தது. அதனைப் பெறுவதற்குப் பல அடி விட்டமுள்ள பெரிய டிஷ் தேவைப்பட்டது. நடுத்தரக் குடும்பம் ஒன்று தனித்து அதனை நிறுவ இயலாது. ஆகவே ஊரில் ஒருவர் டிஷ்ஷையும் பிற கருவிகளையும் வாங்கி, மின்கம்பங்களின் வழியாகவும் மாடிகளின் வழியாகவும் கேபிள் இழுத்து, நூறு வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்து, மாதந்தோறும் பணம் வசூலித்தார். பிற்காலத்தில் ‘கேபிள்காரர்’ என்று அழைக்கப்பட்ட சிறுதொழில் முனைவோர் இவ்வாறு உருவாயினர். ‘செயற்கைக்கோள் தொலைக்காட்சி’, ‘கேபிள் தொலைக்காட்சி’ என்பவை அன்று மாற்றுகளாக இருக்கவில்லை. முதலாவதைப் பெறும் வழியாகவே இரண்டாவது விளங்கியது.

சட்டம் இவ்வளர்ச்சியைப் பின்தொடர்ந்தே வந்தது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், கேபிள்காரர் ஒவ்வொருவரும் தம் பகுதித் தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என விதித்தது. பதிவுக் கட்டணம் சில நூறு ரூபாய்க்கு மேற்படவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றைப் பொதுநலன் கருதி ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி அமைப்பு ஒன்று வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

சிறிய டிஷ் கொண்டு வீடுகளில் நேரடியாக ஒளிபரப்பைப் பெறும் தொழில்நுட்பம் இதற்குள் உலகின் பிற பகுதிகளில் வணிகமாகிவிட்டது. கே.யு.-பேண்ட் எனப்படும் உயர் அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்தும் அத்தொழில்நுட்பமே டி.டி.எச். எனச் சுருக்கமாக வழங்குகிறது. ரூபர்ட் முர்டாக்கின் குழுமம் இந்தியாவில் இச்சேவையைத் தொடங்க முனைந்தபோது, 1997 சூலையில் நடுவண் அரசு அத்தகைய ஒளிபரப்பைப் பெறும் கருவிகளுக்குத் தடை விதித்தது. அயல்நாட்டு நிறுவனம் ஒன்று எல்லையின்றி இந்திய வீடுகளுக்குள் நுழைவதால் நாட்டின் பாதுகாப்பும் பண்பாடும் பாதிக்கப்படும் என்ற அச்சமே விவாதத்தில் முன்னின்றது.

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய மூலதனத்தின் ஆலை எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளும் இத்தடை நடப்பிலிருந்த ஆண்டுகளும் ஒன்றே. உற்பத்தித் துறையில் அயல்நாட்டு முதலீட்டை வரவேற்ற அதே தாராளமயக் காலம், ஒளிபரப்பில் அதனை ஐயுற்றது. அவ்வாலையின் முதல் தலைமுறைத் தொழிலாளர்களுக்குத் தேர்வு என ஒன்று இருக்கவில்லை. தூர்தர்ஷனைத் தவிர வேறு எதைக் காண விரும்பினாலும் கேபிள் ஒன்றே வழி.

3. இருவேறு உரிமங்கள்

டி.டி.எச். சேவைக்கு 2000 நவம்பரில் நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. 2001 மார்ச்சில் வழிகாட்டு நெறிகள் வெளியாயின. நுழைவுக் கட்டணம் 10 கோடி ரூபாய், ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு உரிமக் கட்டணம், மொத்த அயல்நாட்டு முதலீட்டுக்கு 49 விழுக்காடு உச்சவரம்பு என்பன அவற்றுள் முதன்மையானவை. ஒரே தெருவில் ஒரே நிகழ்ச்சியை வழங்கும் இரு சேவைகளுள் ஒன்றுக்கு அஞ்சலகப் பதிவே போதும். மற்றொன்றுக்குத் தில்லியில் பெறும் பெருநிறுவன உரிமம் வேண்டும். கேபிள் வட்டாரத்தன்மையும் டி.டி.எச். நாடளாவிய தன்மையும் பெற்றமைக்குத் தொழில்நுட்பம் எவ்வளவு காரணமோ அவ்வளவு இச்சட்ட அமைப்பும் காரணமாகும்.

2003 அக்டோபரில் டிஷ் டிவி முதல் தனியார் சேவையாக வந்தது. 2004 திசம்பரில் பிரசார் பாரதியின் டிடி டைரக்ட் பிளஸ் மாதக் கட்டணமற்ற சேவையாகத் தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் டிடி ஃப்ரீ டிஷ் எனப் பெயர் பெற்றது. 2006இல் டாடா ஸ்கையும் 2007 இறுதியில் சன் டைரக்டும் 2008இல் ஏர்டெல்லும் வந்தன.

இவற்றுள் சன் டைரக்டின் வருகை தமிழகத்துக்குத் தனிச்சிறப்புடையது. சுமங்கலி கேபிள் விஷன், சுருக்கமாக எஸ்.சி.வி., ஏற்கெனவே மாநிலத்தின் முதன்மையான கேபிள் விநியோக நிறுவனமாக இருந்தது. அலைவரிசை, கேபிள் விநியோகம், டி.டி.எச். ஆகிய மூன்றும் இப்போது ஒரே குழுமத்திடம் சேர்ந்தன. பிற மாநிலங்களில் கேபிளும் டிஷ்ஷும் போட்டியாளர்களாக நின்றன. தமிழகத்தில் அவை பல வீடுகளுக்கு ஒரே மாளிகையின் இரு வாயில்களாக இருந்தன.

இதே காலத்தில் சென்னை மற்றொரு சோதனைக்கும் களமானது. கட்டண அலைவரிசைகளைக் காண்பதற்குச் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கிய நிபந்தனைசார் அணுகல் முறை, 2003 செப்டம்பர் 1 முதல் இந்நகரில் நடைமுறைக்கு வந்தது. 30 இலவச அலைவரிசைகள் கொண்ட அடிப்படைத் தொகுப்புக்கு 72 ரூபாய் என விலை குறிக்கப்பட்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களில் இத்திட்டம் அப்போது நின்றுபோய், 2006 இறுதியில்தான் குறிப்பிட்ட பகுதிகளில் தொடங்கியது. இத்திட்டம் நடைமுறையில் இல்லாத பகுதிகளிலோ 2003 திசம்பர் 26 அன்றிருந்த கட்டணமே உச்சவரம்பு எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2004 சனவரியில் ஆணையிட்டது. பெருநகரில் ஒரு விதியும் அதன் புறத்தே மற்றொரு விதியும் நிலவின. சென்னைக்கு அப்பால் நெடுஞ்சாலையோரம் வளர்ந்துகொண்டிருந்த தொழில்வட்டாரச் சிற்றூர்களில் பழைய அனலாக் கேபிளே தொடர்ந்தது.

4. மாநில அரசின் நுழைவு

தமிழகத்தில் இத்தேர்வைப் பாதித்த மூன்றாவது ஆற்றல் மாநில அரசாகும். 2006 சனவரியில் அ.இ.அ.தி.மு.க. ஆட்சி, பெருங்கேபிள் விநியோக நிறுவனங்களை அரசுடைமையாக்கும் சட்டமுன்வடிவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. அவ்வாண்டு மே மாதம் ஆட்சிக்கு வந்த தி.மு.க., இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டித் திட்டத்தைச் செப்டம்பரில் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2001இல் தமிழகக் குடும்பங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் தொலைக்காட்சி இருந்தது. 2011இல் இது 87 விழுக்காடாயிற்று. அதே கணக்கெடுப்பில் இந்திய அளவிலான விகிதம் 47 விழுக்காடே.

பெட்டி இலவசமாக வந்தபின் இணைப்பு இன்றியமையாததாயிற்று. எனவே அதுவரை சந்தையில் இல்லாத பல இலட்சம் குடும்பங்கள் மாதக் கட்டணம் செலுத்துவோராக மாறின. 2007இல் ஆளுங்கட்சிக்கும் சன் குழுமத்துக்கும் இடையே ஏற்பட்ட பிளவைத் தொடர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 2008 சூலையில் தஞ்சாவூரில் அதன் கட்டுப்பாட்டு அறை தொடங்கிவைக்கப்பட்டது. 2008 திசம்பரில் பிளவு நீங்கிச் சமரசம் ஏற்பட்டபின் நிறுவனம் செயலிழந்தது.

2011இல் ஆட்சி மாறியதும் அரசு கேபிள் புத்துயிர் பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2இல் ஜெயலலிதா அதனைத் தொடங்கிவைத்தபோது மாதக் கட்டணம் 70 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதில் கேபிள்காரர் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டியது 20 ரூபாய், எஞ்சியது அவருடையது. சென்னை நீங்கலான மாவட்டங்களில் முதலில் தொடங்கிய இச்சேவை 2012இல் சென்னைக்கும் விரிந்தது. மாநில அரசு டி.டி.எச். சேவைக்கு 30 விழுக்காடு கேளிக்கை வரியும் விதித்தது. ஒருபுறம் குறைந்த விலைக் கேபிள், மறுபுறம் வரியேற்றிய டிஷ் என்னும் இந்நிலையில், குறைந்த வருவாய்க் குடும்பம் கேபிளைத் தேர்ந்தமை வியப்புக்குரியதன்று. அத்தேர்வை நுகர்வோர் சுவையாக விளக்குவது பொருந்தாது.

இதற்கு எதிர்வினையும் எழுந்தது. மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ ஈடுபடலாகாது என ஒழுங்குமுறை ஆணையம் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது. எண்ணிமமாக்கத்துக்கான உரிமத்தை அரசு கேபிள் 2012இலேயே கோரியபோதிலும் 2017 ஏப்ரலில்தான் அது வழங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை போன்ற ஊராட்சிப் பகுதிகள் எண்ணிமமாக்கத்தின் நான்காவதும் இறுதியுமான கட்டத்தில் இடம்பெற்றன. 2016 திசம்பர் 31 எனக் குறிக்கப்பட்ட அதன் காலக்கெடு 2017 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நாட்டின் மிகப்புதிய எந்திரங்கள் இயங்கிய ஆலைகளைச் சுற்றியிருந்த சிற்றூர்கள், தொலைக்காட்சியில் மிகப்பழைய அனலாக் முறையிலேயே நெடுங்காலம் இருந்தன.

5. இடத்தின் சேவையும் ஆளின் சேவையும்

மேற்கண்ட மாநில அளவிலான வரலாறு தொழில்வழித்தடத்தில் தனிப்பொருள் கொள்கிறது. காரணங்கள் நான்கு.

முதலாவது, குடியிருப்பின் தன்மை. கேபிள் இணைப்பு வீட்டுக்கு உரியது. கேபிள்காரரின் எல்லை சில தெருக்களே. அடுத்த ஊருக்கு மாறினால் அடுத்த கேபிள்காரரிடம் புதிதாகத் தொடங்க வேண்டும். டி.டி.எச். இணைப்போ பெயருக்கு உரியது. செயற்கைக்கோளின் வீச்சு நாடு முழுவதையும் தழுவுவதால், பெட்டியைக் கழற்றி எடுத்துச்சென்று எந்த ஊரிலும் மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரின் பணி சில மாதங்களில் முடியக்கூடும், அறையும் மாறும். நோக்கியா ஆலை எட்டாண்டுகளில் மூடப்பட்டமை, இவ்வட்டாரத்தில் குடியிருப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சான்று. இத்தகையோர்க்கு இடத்தோடு பிணைந்த சேவையைவிட ஆளோடு செல்லும் சேவை பொருத்தமானது.

இரண்டாவது, மொழி. அனலாக் கேபிளில் அலைவரிசை ஒவ்வொன்றும் 7 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை அகலத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே சிற்றூர்க் கேபிள் ஒன்றில் ஏறத்தாழ நூறு அலைவரிசைகளுக்கு மேல் இடம் கொள்ளாது. அந்த இடத்தைப் பெரும்பான்மையோர் விரும்பும் அலைவரிசைகளுக்கு ஒதுக்குவது வணிக இயல்பு. தெருவில் பத்து அறைகளில் ஒடியா பேசுவோர் இருந்தாலும் அவர்களுக்காக ஓரிடத்தை ஒதுக்குவது கேபிள்காரருக்கு இழப்பு. டி.டி.எச். நிறுவனமோ ஒரே தொகுப்பை நாடு முழுமைக்கும் அனுப்புகிறது. புவனேசுவரத்தில் கிடைக்கும் ஒடியா அலைவரிசை இருங்காட்டுக்கோட்டையிலும் கிடைக்கும். கேபிளில் ஊரின் பெரும்பான்மை மொழி ஆட்சி செய்தது. டிஷ்ஷில் சிறுபான்மை மொழியினர்க்கும் இடமிருந்தது. கட்டணமற்ற டிடி ஃப்ரீ டிஷ்ஷில் இந்தி, போச்புரி அலைவரிசைகள் மிகுந்தும் தனியார் தமிழ் அலைவரிசைகள் அருகியும் இருந்தமையால், ஒரே கருவி ஒருவர்க்குப் பயன்மிக்கதாகவும் அடுத்த அறையிலிருப்பவர்க்குப் பயனற்றதாகவும் அமைந்தது.

மூன்றாவது, பணம் செலுத்தும் முறை. கேபிள்காரர் மாதம்தோறும் வாசலுக்கு வந்து வசூலிப்பவர். ஒரு மாதம் தவணை தவறினால் அறிமுகத்தின்பேரில் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் ஊர்களில் உண்டு. டி.டி.எச். முன்பணம் செலுத்தும் முறை. ரீசார்ஜ் முடிந்தால் படம் நின்றுவிடும். ஊராருக்கு முதலாவது முறை வசதியானது. கடன் நம்பிக்கைக்கு உள்ளூர் அறிமுகம் இல்லாத புதியவர்க்கு இரண்டாவது முறையே எளிது. வேலையற்ற மாதத்தில் பணம் போடாமல் விட்டுவிடவும் அதில் இயலும்.

நான்காவது, கூரையின் உரிமை. டிஷ் வைப்பதற்கு வீட்டு உரிமையாளரின் இசைவு தேவை. ஒரு தொழில்நுட்ப உண்மை இங்குத் துணைநிற்கிறது. இந்திய டி.டி.எச். செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே உள்ளன. இவ்வட்டாரமோ வட அகலாங்கு 13 பாகையில் உள்ளது. எனவே இன்சாட் 4பி நின்ற கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையை நோக்கும் டிஷ் இங்கு அடிவானிலிருந்து 70 பாகைக்குச் சற்றுக் குறைவாக நிமிர்ந்திருக்கும். எதிர்வீட்டுச் சுவர் அதனைப் பெரும்பாலும் மறைக்காது. மாடியில் ஒரு சிறு மூலை போதும். நெருக்கமாக எழுந்த வாடகைக் குடியிருப்புகளின் மேல்தளத்தில் பல டிஷ்கள் அருகருகே நிற்க முடிவது இதனால்தான். எனினும் அம்மூலையைத் தருவதும் மறுப்பதும் உரிமையாளரின் கையிலேயே இருந்தன. கட்டிடம் முழுமைக்கும் அவர் ஒரே கேபிளைப் பெற்று வாடகையோடு சேர்த்துவிட்டால் குடியிருப்போரின் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

டிஷ் எல்லா வகையிலும் மேலானது என இதிலிருந்து முடிவுகொள்ள இயலாது. கேபிளுக்கு மட்டுமே உரிய ஒன்று உள்ளூர் அலைவரிசை. கோயில் திருவிழா, திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, குடிநீர் அறிவிப்பு, உள்ளாட்சித் தேர்தல் முடிவு முதலியன அதில் இடம்பெறும். நாடளாவிய தொகுப்பில் ஒரு சிற்றூருக்கு இத்தகைய இடம் இல்லை. சொந்த ஊரார் கேபிளைக் கைவிடத் தயங்கியதற்கு விலையோடு இதுவும் காரணம் எனக் கொள்ளலாம். ஒரே மாடியில் கீழ்வீட்டில் கேபிளும் மேல்வீட்டில் டிஷ்ஷும் இருக்குமாயின், கீழ்வீட்டார் இந்த ஊரின் செய்தியையும் மேல்வீட்டார் தாம் விட்டுவந்த ஊரின் செய்தியையும் காண்கின்றனர். அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறியாதிருப்பதற்குத் தொலைக்காட்சியின் வழியும் ஒரு காரணமாகிறது.

6. தடையும் பழுதும்

இரு சேவைகளின் நம்பகத்தன்மையும் தேர்வின் ஒரு கூறாகும். டிஷ்ஷின் பகை மழை. கே.யு.-பேண்ட் அலைகள் அடர்மழையில் வலுவிழப்பதால் வடகிழக்குப் பருவமழையின்போது படம் அடிக்கடி தடைபடும். கேபிளின் பகை காற்றும் வெள்ளமும். 2015 திசம்பர் வெள்ளமும் 2016 திசம்பர் 12இல் வீசிய வர்தா புயலும் சென்னையையும் அதன் சுற்றுமாவட்டங்களையும் தாக்கின. கம்பமும் மரமும் சாயும்போது அவற்றில் தொங்கும் கேபிளும் அறுந்துவிழும். மழை விட்டதும் டிஷ் தானே சீராகும். அறுந்த கேபிளுக்கு ஆள் வர வேண்டும்.

இவை தெருவளவிலான தடைகள். மையத்தில் நேரும் பழுது வேறுவகையானது. 2010 சூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு அதன் ஒலிபரப்புக் கருவிகளில் பாதியளவு நிறுத்தப்பட்டபோது, சன் டைரக்ட் சேவை பாதிக்கப்பட்டு மலேசியச் செயற்கைக்கோளான மீசாட்டுக்கு மாற நேர்ந்தது. 2022 நவம்பரில் செட்டாப் பாக்ஸ் மென்பொருள் தொடர்பான பிணக்கால் அரசு கேபிள் ஒளிபரப்பு மாநிலத்தின் பல பகுதிகளில் தடைபட்டது. கேபிள் ஊர் சார்ந்தது, டிஷ் மையம் சார்ந்தது என்ற பழைய வேறுபாடு எண்ணிமமாக்கத்துக்குப்பின் மங்கிவிட்டதை இரண்டாவது நிகழ்வு காட்டுகிறது. அனலாக் காலத்துக் கேபிள்காரர் தம் கட்டுப்பாட்டு அறையில் தாமே பழுது நீக்கினார். எண்ணிமக் கேபிளில் அவர் தொலைவிலுள்ள மென்பொருளுக்குக் கட்டுப்பட்டவராயினார்.

7. ஒருமுகமாதல்: 2017–2019

2017இல் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி இரு சேவைக்கும் ஒரே 18 விழுக்காடாயிற்று. செப்டம்பரில் அரசு கேபிள் விலையில்லாச் செட்டாப் பாக்ஸ்களை வழங்கத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட புதிய கட்டண ஆணை 2019 பிப்ரவரியில் முழு நடைமுறைக்கு வந்தது. அதன்படி கேபிளாயினும் டி.டி.எச். ஆயினும் முதல் 100 அலைவரிசைகளுக்கு வலையமைப்புக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேற்படலாகாது என அப்போது விதிக்கப்பட்டது. வரியுடன் இது 153 ரூபாய் 40 காசாக இருந்தது. கட்டண அலைவரிசைகளைத் தனித்தனியாகத் தேர்ந்து அவற்றுக்குரிய விலையைச் செலுத்த வேண்டும்.

இதனால் விலை வேறுபாடு குறுகியது. 70 ரூபாய்க் காலம் முடிந்தது. 2019 ஆகஸ்டு முதல் அரசு கேபிள் தன் கட்டணத்தை வரி நீங்கலாக 130 ரூபாயாகக் குறைத்தமை, மாநில அரசு தன் பழைய விலைமேம்பாட்டைத் தக்கவைத்துக்கொள்ள மேற்கொண்ட முயற்சியாகும். பார்வையாளர் தமக்கு வேண்டிய அலைவரிசையை மட்டும் தேரலாம் என்பதே புதிய ஆணையின் நோக்கம். நடைமுறையில் தனி விலைகளின் கூட்டுத்தொகை தொகுப்பு விலையைவிட உயர்ந்தமையால் பெரும்பாலோர் தொகுப்பையே ஏற்றனர்.

மாறிக்கொள்ளும் உரிமையும் முழுமை பெறவில்லை. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் சேவைக்குப் பயன்படுவதில்லை. டி.டி.எச். உரிம விதிகளிலேயே இணக்கத்தன்மை வலியுறுத்தப்பட்டிருந்தும் அது நடைமுறையாகவில்லை. 2020 ஏப்ரலில் ஒழுங்குமுறை ஆணையம் இதனை மீண்டும் பரிந்துரைத்தது. கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடிகிறது. தொலைக்காட்சியில் பெட்டியை மாற்றாமல் சேவையை மாற்ற முடிவதில்லை. ஆகவே முதல் தேர்வே நீண்டகாலத் தேர்வாகிவிடுகிறது. அலைந்து வாழும் தொழிலாளர்க்கே இதன் சுமை மிகுதி.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைப்பேசித் திரை இப்பிணைப்பிலிருந்து ஒரு விடுதலையளித்தது. கூரையோ கேபிளோ உரிமையாளரின் இசைவோ அதற்கு வேண்டியதில்லை. நாட்டில் 2020இல் ஏறத்தாழ 7 கோடியாக இருந்த கட்டண டி.டி.எச். சந்தாதாரர் எண்ணிக்கை, 2024இல் 6 கோடிக்குக் கீழிறங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் – வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்க்கான சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தகைய கூட்டுக் குடியிருப்பில் ‘கேபிளா, டிஷ்ஷா’ என்னும் முடிவு தனியாள் எடுப்பதன்று, நிருவாகம் எடுப்பது. தனியாளின் தேர்வு கைப்பேசியில் மட்டுமே எஞ்சுகிறது.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1991 முதல் 2001 வரை கேபிளின் தனியாட்சிக்குத் தொழில்நுட்பத்தோடு 1997ஆம் ஆண்டுத் தடையும் காரணமாக இருந்தது. டிஷ் மறுக்கப்பட்ட காலத்தில் கேபிள் வேரூன்றியது.

2003 முதல் 2011 வரை போட்டி இருந்ததாகத் தோன்றினும், தமிழகத்தில் இரு வழிகளிலும் ஒரே குழுமம் வலிமை பெற்றிருந்தமையால் அப்போட்டி முழுமையானதன்று. 2011க்குப்பின் மாநில அரசின் விலைக் கொள்கையும் வரிக் கொள்கையும் சேர்ந்து கேபிளின் பக்கம் தராசைச் சாய்த்தன.

இடம்பெயர்ந்தோர் வாழும் தொழில்வழித்தடத்தில் கேபிள் ஊராரின் சேவையாகவும் டிஷ் வந்தோரின் சேவையாகவும் பிரியும் தன்மை, அவ்விரு சேவைகளின் அமைப்பிலேயே உள்ளது. மாநில அரசின் நலத்திட்டம் நிலையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டது; இவ்வட்டாரத்தின் உற்பத்தியில் பங்குகொள்ளும் பிறமொழித் தொழிலாளர் அதன் பயனுக்கு வெளியே நின்றனர். மலிவான சேவையில் அவர்தம் மொழி இல்லை. அவர்தம் மொழி இருந்த சேவையோ மலிவானதன்று, அல்லது அரசு கேபிளைப் போல் மாநிலத்தின் ஆதரவு பெற்றதன்று.

இறுதியாக ஆவணம் பற்றி ஒன்று கூறவேண்டும். 2025 சனவரியில் கேபிள்காரர் பதிவு தலைமை அஞ்சலகத்திலிருந்து நீக்கப்பட்டு, நடுவண் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையவழிப் பதிவாக மாற்றப்பட்டது. முப்பதாண்டுக் காலம் அஞ்சலகங்களில் நிரப்பப்பட்ட பதிவேடுகள், எந்த ஊரில் எந்த ஆண்டு யார் கேபிள் இழுத்தார் என்பதை அறிவதற்கான முதன்மைச் சான்றுகள். கேபிள்காரர்களின் வசூல் ஏடுகளும் உள்ளூர் அலைவரிசைகளின் ஒளிப்பதிவு நாடாக்களும் அவ்வகையினவே. ஏரியும் வயலுமாயிருந்த இருங்காட்டுக்கோட்டை வட்டாரம் தொழில்நகரமாக மாறிய ஆண்டுகளின் சமூக வரலாறு அவற்றில் பொதிந்துள்ளது. கழிவுத்தாளாகவும் பழைய இரும்பாகவும் அவை போய்விடுமுன் மாவட்ட அளவில் திரட்டிக் காப்பது, பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.